18 ரன்னும் ஒரு வலமும்: மக்கள் வாக்கு எந்தத் தருணத்தைத் தேர்ந்தெடுக்கிறது?

2020 பிப்ரவரி 17 அன்று பெர்லினில் லாரியஸ் விளையாட்டு விருது விழா நடந்தது. முதல் விழா 2000இல் மொனாக்கோவில் நடந்திருந்ததால், இருபதாண்டு நிறைவை ஒட்டி அந்த முறை ஒரு தனி விருதும் இருந்தது. 2000 முதல் 2020 வரையிலான காலத்தின் சிறந்த விளையாட்டுத் தருணம் எது என்று பொதுமக்களிடமே கேட்டார்கள். 20 தருணங்கள் போட்டியில் இருந்தன. அவை 5 ஆகக் குறைந்து, கடைசியில் ஒன்று வென்றது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர் அறிவிக்க, ஆஸ்திரேலிய முன்னாள் கிரிக்கெட் கேப்டன் ஸ்டீவ் வா கோப்பையைக் கொடுக்க, சச்சின் டெண்டுல்கர் அதை வாங்கிக்கொண்டார்.

வென்ற தருணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2011 ஏப்ரல் 2 இரவு, மும்பை வான்கடே மைதானத்தில் இந்தியா உலகக் கோப்பையை வென்ற பிறகு, சக வீரர்கள் சச்சினைத் தோளில் தூக்கிக்கொண்டு மைதானத்தை வலம் வந்தார்கள். சச்சின் கையில் தேசியக் கொடி இருந்தது.

இதில் ஒரு விஷயம் என்னை வெகுநாளாக யோசிக்க வைத்திருக்கிறது. அந்தத் தருணத்தில் யாரும் விளையாடவில்லை. ஆட்டம் முடிந்து, ஸ்டம்புகள் பிடுங்கப்பட்ட பிறகு நடந்த காட்சி அது. தோளில் அமர்ந்திருந்தவர் அந்த இறுதிப் போட்டியில் எடுத்தது 18 ரன். அப்படியிருந்தும் இருபது வருட உலக விளையாட்டில் மக்கள் தேர்ந்தெடுத்தது அதைத்தான். கிரிக்கெட் பைத்தியம் பிடித்த நூறு கோடிப் பேர் அமுக்கிய ஓட்டு என்று சிலர் இதை ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். எண்ணிக்கைக்குப் பங்கு உண்டு, அதைப் பின்னால் பார்க்கலாம். ஆனால் எண்ணிக்கை மட்டுமே காரணம் என்றால் அன்று ஆட்டத்தை முடித்த தோனியின் சிக்ஸர் அல்லவா வென்றிருக்க வேண்டும்? அந்த நூறு கோடிப் பேரின் மனதில் இத்தனை காட்சிகள் இருக்க, இந்த ஒன்று எப்படி மேலே வந்தது என்பதுதான் கேள்வி.

அந்த இரவில் என்னென்ன இருந்தது

முதலில் அன்றைய ஆட்டத்தைப் பார்ப்போம். அதில் நினைவில் நிற்கத் தகுதியான விஷயங்களுக்குப் பஞ்சமே இல்லை.

டாஸே இரண்டு முறை போடப்பட்டது. கூட்டத்தின் சத்தத்தில் இலங்கை கேப்டன் சங்கக்காரா என்ன சொன்னார் என்பது போட்டி நடுவர் ஜெஃப் க்ரோவின் காதில் விழவில்லை. ஜாகீர் கான் முதல் மூன்று ஓவர்களையும் ரன் ஏதும் கொடுக்காமல் மெய்டனாக வீசினார். ஐந்து ஓவரில் 6 ரன் கொடுத்து ஒரு விக்கெட். கடைசியில் அவரே 10 ஓவரில் 60 கொடுத்தார் என்பது வேறு கதை. மஹேல ஜெயவர்தன 88 பந்தில் 103, ஆட்டமிழக்கவில்லை. அதுவரை உலகக் கோப்பை இறுதியில் சதம் அடித்த யாருடைய அணியும் தோற்றதில்லை. இலங்கை 6 விக்கெட்டுக்கு 274.

இந்தியா ஆடத் தொடங்கியதும் இரண்டாவது பந்திலேயே சேவாக் காலி. ஏழாவது ஓவரின் முதல் பந்தில் சச்சினும் போனார்: பந்து மலிங்கா, கேட்ச் சங்கக்காரா, 14 பந்தில் 18. ஸ்கோர் 31க்கு 2. அன்று வான்கடேயில் விழுந்த அமைதியைத் தொலைக்காட்சி வழியாகவே உணர முடிந்தது. அந்தத் தொடரில் நாக்பூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக அடித்தது அவருடைய 99ஆவது சர்வதேச சதம். நூறாவது சதம், சொந்த ஊர், உலகக் கோப்பை இறுதி என்று கோடிக்கணக்கானவர்கள் மனதில் போட்டு வைத்திருந்த கணக்கு அந்த ஒரு பந்தில் கலைந்தது.

அப்புறம் கம்பீர் 97. கோலி 35. தோனி யுவராஜுக்கு முன்பே களமிறங்கி 79 பந்தில் 91. கம்பீரும் தோனியும் சேர்ந்து 109. பத்துப் பந்து மீதமிருக்க, குலசேகரா வீசிய பந்தைத் தோனி லாங் ஆனுக்கு மேல் தூக்கி அடித்தார். வர்ணனையில் ரவி சாஸ்திரி. 28 வருடத்துக்குப் பிறகு கோப்பை. சொந்த மண்ணில் நடந்த இறுதியில் ஒரு நாடு ஆண்கள் உலகக் கோப்பையை வென்றது அதுவே முதல் முறை.

இத்தனையையும் எதற்குச் சொல்கிறேன் என்றால், விளையாட்டு என்ற அளவில் மட்டும் பார்த்தால் இதில் குறைந்தது நான்கு தருணங்கள் அந்த வலத்தைவிடப் பெரியவை. ஜாகீரின் முதல் ஐந்து ஓவர் பெரியது. கம்பீரின் இன்னிங்ஸ் மிகப் பெரியது. அது இல்லாமல் கோப்பையே இல்லை. தோனி தன்னை மேலே ஏற்றிக்கொண்ட முடிவு துணிச்சலானது. சிக்ஸரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்னொன்றும் உண்டு: அதே இரவில் பயிற்சியாளர் கேரி கிர்ஸ்டனையும் வீரர்கள் தோளில் தூக்கினார்கள். அதே மைதானம், அதே வீரர்கள். ஆனால் அதை இன்று நினைவூட்டினால்தான் ஞாபகம் வரும். தோளில் தூக்குவதில் மட்டும் எந்த மந்திரமும் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

அந்தத் தோளில் இருந்த பாரம்

சச்சின் 1989 நவம்பரில் கராச்சியில் முதல் டெஸ்ட் ஆடினார். 2011இல் ஆடியது அவருடைய ஆறாவது உலகக் கோப்பை. நடுவில் நடந்தவை ஒவ்வொன்றும் ரசிகர்களின் சொந்தக் கணக்கிலும் எழுதப்பட்டவை.

1996 அரையிறுதி, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். சச்சின் 65இல் ஆட்டமிழந்ததும் விக்கெட்டுகள் சரிந்தன, கூட்டம் கலவரத்தில் இறங்கியது, ஆட்டம் இலங்கைக்குக் கொடுக்கப்பட்டது. 1999இல் தொடரின் நடுவே அவருடைய தந்தை இறந்தார். ஊருக்குப் போய்த் திரும்பி வந்து பிரிஸ்டலில் கென்யாவுக்கு எதிராக 140 அடித்து வானத்தைப் பார்த்தார். 2003இல் தொடர் முழுவதும் 673 ரன் குவித்தவர், ஜோகன்னஸ்பர்க் இறுதியில் ஆஸ்திரேலியாவின் மெக்ராத் வீசிய முதல் ஓவரிலேயே 4 ரன்னில் வெளியேறினார். தொடரின் சிறந்த வீரருக்கான பரிசை அவர் வாங்கிய அந்த முகம் பலருக்கு இன்னும் மறக்கவில்லை. 2007இல் வங்கதேசத்திடமும் இலங்கையிடமும் தோற்று முதல் சுற்றிலேயே வீடு திரும்பினார்கள்.

இந்த 2003, 2007 ஞாபகங்கள் இல்லாமல் 2011 வலத்தை மட்டும் ஒருவருக்குக் காட்டிப் பாருங்கள். ஒரு அணி வென்றது, மூத்த வீரரைத் தூக்கினார்கள், நல்ல காட்சி என்பார். அவ்வளவுதான். அதைப் பார்த்துக் கண் கலங்குகிறவர் பார்ப்பது இருபத்தொரு வருடத்தை. அந்த வருடங்களில் பள்ளிக்கூடம் முடித்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, பிள்ளை பெற்றவர்கள் அவர்கள். சச்சினோடு சேர்ந்து அவர்களும் காத்திருந்தார்கள்.

ஆகவே என் முடிவு இது: பொதுவாக்கில் முன்னே நிற்பது திறமையின் உச்சம் அல்ல, காத்திருப்பின் முடிவு. ஒரு சாதனையை வியந்து பார்ப்பவர் பார்வையாளராகவே இருக்கிறார். ஒரு காத்திருப்பு முடியும்போது அவரும் அதில் ஒரு பங்காளி. மக்கள் தங்கள் பங்கு இருக்கும் இடத்துக்குத்தான் வாக்குப் போடுகிறார்கள்.

18 ரன் என்பது குறையாகத் தெரியலாம். யோசித்தால், அதுவே அந்தத் தருணத்தை வலுவாக்கியது என்று எனக்குப் படுகிறது. சச்சின் அன்று சதம் அடித்து வென்றுகொடுத்திருந்தால் அது இன்னொரு சச்சின் சதமாக இருந்திருக்கும். மிகப் பெரிய சதம்தான், ஆனாலும் அவர் நமக்குக் கொடுத்த கணக்கில் சேர்ந்திருக்கும். அன்று நடந்தது தலைகீழ். இவ்வளவு நாள் கொடுத்தவர் வெறுங்கையோடு பெவிலியனில் உட்கார்ந்திருக்க, அவரைப் பார்த்து வளர்ந்த பையன்கள் கோப்பையை எடுத்துக் கொடுத்தார்கள். 22 வயது கோலி அன்று சொன்னதன் சாரம் எல்லாருக்கும் நினைவிருக்கும்: 21 வருடம் நாட்டின் பாரத்தை அவர் சுமந்தார், இன்று நாங்கள் அவரைச் சுமக்கிறோம். மூத்தவருக்குப் பிள்ளைகள் செய்யும் கடமையாகவே இதை நம் வீடுகள் புரிந்துகொண்டன.

இந்த விளக்கம் மற்ற இடங்களிலும் நிற்கிறதா

ஒரே ஒரு நிகழ்வை வைத்துச் சட்டம் போட முடியாது. லாரியஸ் அமைப்பு பொதுவாக்கில் சிறந்த தருணத்தைத் தேர்ந்தெடுக்கும் வழக்கத்தை 2017இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய மூன்று வெற்றிகளையும் எடுத்துப் பார்த்தேன்.

2019இல் வென்றவர் சீன மலையேறி சியா போயு. 1975இல் எவரெஸ்ட் ஏறும்போது தன் தூக்கப்பையைச் சக வீரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் பனிக்கடியில் பாதங்களை இழந்தார். பிறகு புற்றுநோயால் கால்களையும் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்தது. 2018 மே மாதம், ஐந்தாவது முயற்சியில், செயற்கைக் கால்களோடு உச்சியை அடைந்தபோது அவர் எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். 43 வருடக் காத்திருப்பு. இது என் விளக்கத்தோடு அப்படியே பொருந்துகிறது.

2018இல் பிரேசிலின் சாப்பகோயென்ஸ் கால்பந்து அணி. 2016 நவம்பரில் அவர்கள் சென்ற விமானம் கொலம்பியாவில் மலையில் மோதியதில் 71 பேர் இறந்தார்கள். உயிர் தப்பிய ஆலன் ருஷெல் அடுத்த ஆகஸ்டில் பார்சிலோனாவின் கேம்ப் நூ மைதானத்தில் மீண்டும் ஆட வந்தார். காத்திருந்தது நீண்ட காலம் அல்ல, ஆனால் ஒரு ஊரே காத்திருந்தது.

2017 மட்டும் வேறு மாதிரி. பார்சிலோனாவின் 12 வயதுக்கு உட்பட்டோர் அணி ஜப்பானில் ஒரு போட்டியை வென்றதும், தோற்று அழுதுகொண்டிருந்த ஜப்பானியப் பையன்களிடம் போய் ஆறுதல் சொன்னார்கள். இதில் காத்திருப்பு ஏதும் இல்லை. வென்றவன் தோற்றவனைத் தேடிப் போகும் குணம்தான் இருக்கிறது. என் விளக்கத்துக்குள் இதைத் திணிக்க நான் விரும்பவில்லை. ஆனால் நான்கிலும் பொதுவான ஒன்று இருக்கிறது: நான்கிலுமே மக்கள் வாக்களித்தது ஒரு மனிதச் செயலுக்கு. புள்ளிப் பட்டியலில் எழுத முடியாத செயல்.

பிரிட்டனில் 2002இல் சேனல் 4 தொலைக்காட்சி நூறு சிறந்த விளையாட்டுத் தருணங்களுக்கு வாக்கெடுப்பு நடத்தியபோது முதலிடம் பெற்றது படகு வீரர் ஸ்டீவ் ரெட்கிரேவ் 2000 சிட்னியில் வென்ற ஐந்தாவது ஒலிம்பிக் தங்கம். 1984 முதல் தொடர்ந்து ஐந்து ஒலிம்பிக். நடுவில் சர்க்கரை நோய். கடைசிப் பந்தயத்தில் இத்தாலியை முந்தியது 0.38 வினாடியில். துடுப்புப் படகுப் போட்டியை வருடம் முழுக்க உட்கார்ந்து பார்க்கிற நாடு அல்ல அது, கால்பந்து நாடு. இருந்தும் கால்பந்தைத் தாண்டி ஒரு படகோட்டி மேலே வந்தார். பதினாறு வருடம் ஒரு மனிதர் செய்ததன் கடைசி நாள் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வியே பாதிப் பதில்

விருது கொடுத்த அதே பெர்லினில்தான் 2009 ஆகஸ்டில் உசேன் போல்ட் நூறு மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார். மனித உடல் செய்துகாட்டிய உச்சம் எது என்று கேட்டால் அதற்குப் பக்கத்தில் நிற்க அதிகம் பேர் இல்லை. ஆனால் லாரியஸ் கேட்டது அதை அல்ல. விளையாட்டு மக்களை ஒன்றுசேர்த்த தருணம் எது என்பதே அந்த வாக்கின் அடிப்படை. அப்படிக் கேட்டால் பதிலும் அந்தப் பக்கமே சாயும். போல்ட் ஓட்டத்தைப் பார்த்து வாய் பிளப்போம், தெருவில் இறங்கிப் பக்கத்து வீட்டுக்காரரைக் கட்டிப்பிடிக்க மாட்டோம்.

சச்சினும் பெர்லின் மேடையில் இதையே தொட்டுப் பேசினார். 1983இல் இந்தியா முதல் முறை உலகக் கோப்பையை வென்றபோது பத்து வயதுப் பையனாக, எதற்கென்று முழுதாகப் புரியாமலேயே ஊரோடு சேர்ந்து கொண்டாடியதைச் சொன்னார். நாடு முழுவதும் மாற்றுக் கருத்தே இல்லாமல் ஒன்றாகக் கொண்டாடுவது எவ்வளவு அரிது என்றும், நெல்சன் மண்டேலாவைச் சந்தித்ததையும் சொன்னார்.

கேள்வியோடு சேர்ந்து வரும் தலைப்பும் முக்கியம். அந்தத் தருணம் வாக்குச் சீட்டில் ‘ஒரு தேசத்தின் தோள்களில்’ என்ற பொருள்படும் தலைப்போடுதான் இருந்தது. ‘2011 இறுதிக்குப் பிந்தைய கொண்டாட்டம்’ என்று எழுதியிருந்தால் அதே படம் அதே வாக்கை வாங்கியிருக்குமா? நான் நம்பவில்லை. கோலியின் ஒற்றை வாக்கியம்தான் அந்தத் தலைப்பாக வளர்ந்தது. ஒரு தருணம் நினைவில் தங்க, அதை அடுத்தவரிடம் சொல்ல ஒரு வாக்கியம் வேண்டும். கம்பீரின் 97ஐ ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். சேவாக்கும் சச்சினும் போன பிறகு, ரன் விகிதம் கைமீறாமல், ஒன்றும் இரண்டுமாக, அழுக்குச் சட்டையோடு... நீண்டுகொண்டே போகும். பெரிய இன்னிங்ஸ்களின் துரதிர்ஷ்டம் இது.

படம் இல்லாததற்கும் வாக்கு இல்லை. 1983 ஜூன் 18, டன்பிரிட்ஜ் வெல்ஸ். ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 9க்கு 4 என்று கிடந்தபோது கபில்தேவ் வந்து 175 அடித்தார். அந்தக் கோப்பையே அந்த இன்னிங்ஸின் மேல் நிற்கிறது. ஆனால் அதற்குக் காட்சிப் பதிவு கிடையாது. ஒரு வாரம் கழித்து லார்ட்ஸில் பின்னோக்கி ஓடிப்போய் விவ் ரிச்சர்ட்ஸுக்குப் பிடித்த கேட்ச் இருக்கிறதே, அதுதான் ஒவ்வொரு தொகுப்பிலும் வருகிறது. 175ஐப் பற்றிப் படித்திருக்கிறோம், கேள்விப்பட்டிருக்கிறோம். வாக்கு என்று வந்தால் கண் பார்த்ததற்குத்தான் கை போகிறது.

யார் வாக்களித்தார்கள்

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம்.

2000இல் ஃபிஃபா நூற்றாண்டின் சிறந்த கால்பந்து வீரர் யார் என்று இணையத்தில் வாக்கெடுப்பு நடத்தியது. மரடோனாவுக்கு 53.6 சதவீதம், பேலேவுக்கு 18.53 சதவீதம். மூன்று உலகக் கோப்பை வென்ற பேலேவுக்கு ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஃபிஃபா சங்கடப்பட்டு, தன் பத்திரிகை வாசகர்களையும் ஒரு நடுவர் குழுவையும் கொண்டு இன்னொரு விருதை உருவாக்கிப் பேலேவுக்குக் கொடுத்தது. அந்தக் காலத்தில் இணையம் கையில் இருந்தவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். பேலே வென்ற 1970 உலகக் கோப்பையை அவர்கள் பார்த்ததில்லை. மரடோனா வென்ற 1986ஐப் பார்த்திருந்தார்கள்.

இதை உளவியல் ஆய்வும் உறுதிப்படுத்துகிறது. எல்லாக் காலத்துக்குமான சிறந்த ஐந்து கால்பந்து வீரர்களைச் சொல்லுங்கள் என்று கேட்ட ஒரு ஆய்வு 2012இல் வெளிவந்தது. தாங்கள் சுமார் 17 வயதில் இருந்தபோது உச்சத்தில் இருந்த வீரர்களையே மக்கள் அதிகம் சொன்னார்கள். வயதானவர் பேலே என்பார், அடுத்தவர் க்ரைஃப், அதற்கும் அடுத்தவர் மரடோனா. ஒவ்வொருவரும் நேர்மையாகத்தான் சொல்கிறார்கள்.

2011இல் 15 முதல் 20 வயதில் இருந்தவர், 2020இல் இருபதுகளின் நடுவிலும் கடைசியிலும் இருந்தார். கையில் ஸ்மார்ட்போன், மலிவான டேட்டா. 2016க்குப் பிறகு இந்தியாவில் இணையம் பரவிய வேகம் அதற்கு முன் இருந்ததே இல்லை. 2011 இரவைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், அடுத்த எட்டு ஏப்ரல் இரண்டுகளிலும் அதே காட்சியை மொபைலில் மீண்டும் மீண்டும் பார்த்தார்கள், பகிர்ந்தார்கள். பார்ப்பதும் பேசுவதும் நினைவை இறுக்குகின்றன. 2003, 2004ஆம் ஆண்டுகளில் பாஸ்டன், நியூயார்க் பேஸ்பால் அணிகள் ஆளுக்கொரு முறை வென்ற தொடர்களை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். ரசிகர்கள் தங்கள் அணி வென்ற ஆட்டத்தின் விவரங்களைத் தோற்ற ஆட்டத்தைவிடச் சரியாக நினைவில் வைத்திருந்தார்கள். வென்றதை அதிகம் அசை போட்டிருந்தார்கள் என்பதே காரணம்.

இந்த இடத்தில் ஒரு தமிழ் வாசகராக எனக்கு விட முடியாத ஒரு ஒப்பீடு இருக்கிறது. வான்கடேயில் அன்று எதிரணியில் முத்தையா முரளிதரன் ஆடினார். அதுதான் அவருடைய கடைசி சர்வதேசப் போட்டி. 8 ஓவர், 39 ரன், விக்கெட் இல்லை. கண்டியில் பிறந்த, சென்னையில் பெண் எடுத்த அந்தத் தமிழர், பந்து வீச்சு முறை குறித்த சந்தேகங்களையும் ஆஸ்திரேலியாவில் ‘நோ பால்’ அழைப்புகளையும் தாங்கிக்கொண்டு ஆடியவர். அதற்கு ஒன்பது மாதம் முன்பு, 2010 ஜூலையில், இலங்கையின் காலி நகரில் இந்தியாவுக்கு எதிராகத் தன் கடைசி டெஸ்ட்டை ஆடினார். இதுதான் கடைசி என்று முன்பே அறிவித்துவிட்டார். 800 விக்கெட்டுக்கு இன்னும் 8 தேவை. கடைசி இன்னிங்ஸ், கடைசி விக்கெட், தன் டெஸ்ட் வாழ்க்கையின் கடைசிப் பந்தில் பிரக்யான் ஓஜா, ஸ்லிப்பில் ஜெயவர்தன கையில் கேட்ச். சரியாக 800. அணியினர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 2011 உலகக் கோப்பை அரையிறுதியில் கொழும்பில் தன் சொந்த மண்ணின் கடைசிப் பந்திலும் அவர் நியூசிலாந்தின் ஸ்காட் ஸ்டைரிஸை எல்பிடபிள்யூ ஆக்கினார்.

கதை என்று பார்த்தால் காலி, வான்கடேவுக்கு எந்த வகையிலும் குறைந்தது அல்ல. காத்திருப்பு உண்டு, பாரம் உண்டு, தோள் உண்டு, ஒற்றை வாக்கியம் உண்டு. கூடுதலாக, தோளில் ஏறியவரே அன்று வேலையை முடித்தவர். ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கில் இந்தியா 121 கோடி. இலங்கை சுமார் 2 கோடி. அந்த 2 கோடிக்குள்ளும் 2010இல் எத்தனை பேர் மனம் கொண்டாடும் நிலையில் இருந்தது என்பது வேறு. உலக வாக்கெடுப்பு என்று பெயர் வைத்தாலும், காத்திருந்தவர்கள் எவ்வளவு பேர் என்பதில் போய்த்தான் அது நிற்கிறது. வான்கடே வென்றது சரி. காலி அந்த உயரத்தில் பேசப்படாதது எனக்கு வருத்தம்தான்.

வாக்கு விட்டுவிட்டுப் போனவர்கள்

நடுவர் குழு வேறு மாதிரித் தேர்ந்தெடுக்கிறது. ‘தி கிரிக்கெட் மன்த்லி’ 2016இல் ஐம்பது வருடத்தின் சிறந்த டெஸ்ட் சாதனையை ஒரு நடுவர் குழுவிடம் கேட்டபோது வி.வி.எஸ். லட்சுமணன் 2001இல் ஈடன் கார்டன்ஸில் அடித்த 281 முதலிடம் பெற்றது. ஆட்டத்தின் கடினம், எதிரணியின் பலம், சூழ்நிலை என்று எடைபோட்டு எடுத்த முடிவு அது. அதைப் பொதுவாக்கோடு மோதவிடத் தேவையில்லை. இரண்டும் அளப்பது வேறு வேறு. ஒன்று செயலை அளக்கிறது, இன்னொன்று அந்தச் செயல் நம் வாழ்க்கையில் எங்கே வந்து விழுந்தது என்பதை அளக்கிறது.

பிரச்சினை, இரண்டாவதை முதலாவதாக எடுத்துக்கொள்ளும்போது வருகிறது. 2020 ஏப்ரலில் ஒரு கிரிக்கெட் இணையதளம் தோனியின் சிக்ஸரை நினைவுகூர்ந்தபோது, அந்தக் கோப்பையை ஒரு சிக்ஸர் வெல்லவில்லை, முழு அணியும் வென்றது என்று கம்பீர் வெளிப்படையாகவே எழுதினார். சிலர் அதைப் பொறாமை என்றார்கள். அன்று 122 பந்து நின்று ஆடியவருக்கு அதைச் சொல்ல முழு உரிமை இருக்கிறது. யுவராஜ் சிங்கும் அப்படித்தான். 362 ரன், 15 விக்கெட், தொடரின் சிறந்த வீரர். சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக மைதானத்திலேயே வாந்தி எடுத்துக்கொண்டு 113 அடித்ததை நேரில் பார்த்த சென்னைக்காரர்கள் இருக்கிறார்கள். அது புற்றுநோயின் காலம் என்பது பிறகுதான் தெரிந்தது. எந்தப் பொதுவாக்கிலும் அந்த 113 மேலே வந்து நான் பார்த்ததில்லை.

இந்த விளக்கத்தைச் சோதித்துப் பார்க்க நமக்கு இப்போது இரண்டு நிகழ்வுகள் கைவசம் இருக்கின்றன. 2024 ஜூன் 29, பார்படோஸ், டி20 உலகக் கோப்பை இறுதி. கடைசி ஓவரில் எல்லைக்கோட்டின் மேல் சூர்யகுமார் யாதவ் தென்னாப்பிரிக்காவின் மில்லருக்குப் பிடித்த கேட்ச் ஒரு பக்கம். கோப்பையைக் கையில் கொடுத்ததும் பயிற்சியாளர் ராகுல் டிராவிட் கத்திய கத்தல் இன்னொரு பக்கம். 2007இல் அதே கரீபியன் மண்ணில் முதல் சுற்றோடு வெளியேறிய அணியின் கேப்டன் அவர். இன்று தொகுப்புகளில் முன்னால் இருப்பது கேட்ச். பத்து வருடம் கழித்து வாக்கு வைத்தால் டிராவிட் நெருங்கிவிடுவார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று 2025 நவம்பர் 2, நவி மும்பை. தென்னாப்பிரிக்காவை 52 ரன் வித்தியாசத்தில் வென்று இந்தியப் பெண்கள் முதன்முறையாக உலகக் கோப்பையைக் கையில் எடுத்தார்கள். ஷெஃபாலி 87, தீப்தி 58 ரன்னும் 5 விக்கெட்டும். அதன் பிறகு ஹர்மன்பிரீத்தும் மற்றவர்களும் கோப்பையை மித்தாலி ராஜிடமும் ஜூலன் கோஸ்வாமியிடமும் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 2005 இறுதியிலும் 2017 லார்ட்ஸ் இறுதியிலும் தோற்ற அணிகளில் ஆடியவர்கள் இவர்கள். அன்று 18 ரன்கூட எடுக்கவில்லை, அணியிலேயே இல்லை. அடுத்து ஒரு பொதுவாக்கு வரும்போது பட்டியல் போடுகிறவர்கள் ஹர்மன்பிரீத் பிடித்த கடைசி கேட்சோடு நிறுத்திக்கொள்ளாமல், இந்தக் காட்சியையும் தனியாக, நல்ல தலைப்போடு சேர்க்க வேண்டும். என் வாக்கு அதற்குத்தான்.